சகலைக்காக ஒரு ஜெபம்

நான் ஒரு கல்லூரியில் நூலகர். அதாவது, மற்றவர்களை வாயை மூடச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அந்தக் கல்லூரியை நினைத்துப் பரிதாபப்படுவார்கள். 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டிய அந்தக் கூடத்தில் இத்தனை வருடங்களாக அதிகம் சத்தம் போட்டது நான்தான். போன மாதம்கூட ஒரு மாணவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "சார், ஸ்வல்ப சும்னிரி" என்றாள். கொஞ்சம் சும்மா இருங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினாள். அப்போது நான் இன்னொருவரிடம் சத்தம் போடாதே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் ஆண்டவர் ஒரு கதவு வைக்க மறந்துவிட்டார். மனதில் பட்டது அடுத்த நொடி வெளியே வந்து நிற்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவிலேயே ஒரு துக்க வீடு. பெட்டியில் படுத்திருந்தவரைப் பார்த்து, "இவ்வளவு நிம்மதியா இவர நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றது அவர் மனைவி. இன்னொரு நாள் மெட்ரோவில் எதிரே ஒருவர் விக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தலையில பூனை படுத்திருக்கு பாரு" என்று என் மனைவியிடம் தமிழில் சொன்னேன். பெங்களூரில் தமிழை ரகசிய மொழி என்று நினைப்பது நேற்று ரயிலேறி வந்தவர்கள் செய்கிற தவறு. மூன்று தலைமுறையாக இங்கே குப்பை கொட்டுகிற நான் செய்தேன். அவர் இறங்கும்போது என் காலருகில் நின்று, "சார், பூனை இறங்குது, வழி விடுங்க" என்றார்.

என்னுடைய இந்தப் பெருமைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஆங்கிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறதே, துப்பாக்கியை உறையிலிருந்து உருவிய கையோடு, கண்ணுக்கு நேரே தூக்கிக் குறிகூடப் பார்க்காமல், இடுப்பு உயரத்திலேயே வைத்துச் சுட்டுவிடுவது என்று, யோசிக்காமல் வாயைத் திறக்கிறவனுக்குச் சொல்வது, அதைத்தான் அவர் எனக்குச் சூட்டினார். கிறிஸ்மஸ் விருந்து, ஞானஸ்நானம், பிறந்தநாள் எதுவானாலும் என் முதுகில் தட்டி அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரொம்ப வருடங்கள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் பதினெட்டு அகராதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்காத நூலகர் நான்.

சகலை என்னைப் போல இல்லை. ஒரு வார்த்தையைப் பேசுவதற்கு முன் அதைப் புரட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, காய் வாங்குகிற மாதிரி நுனியை உடைத்தும் பார்ப்பார். ஆனால் அவருக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. அதற்குத்தான் நான்.

எங்கள் சபையில் ஒரு பொதுக்கூட்டம். ஒன்பது மணித் தமிழ் ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றலாம் என்று ஆயர் சொன்னார். எல்லாரும் முணுமுணுத்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. சகலை என் பக்கம் சாய்ந்தார்.

"சகலை, நீங்க கேளுங்க. உங்களுக்குத்தான் அந்த தில்லு."

"என்ன கேக்கறது?"

"மனசுல பட்டதக் கேளுங்க."

இதைவிட ஆபத்தான வார்த்தையை என்னிடம் சொல்லக்கூடாது. எழுந்தேன். "ஐயா, சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் மட்டன் வாங்கப் போலாம், அதானே கணக்கு?" என்றேன்.

கூடத்தில் இருந்த மின்விசிறிகள்கூட ஒரு நிமிடம் நின்றதாக எனக்கு நினைவு. ஆயரின் முகம் சிவந்தது. உடனே சகலை எழுந்தார். கை கூப்பினார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சகலைக்கு மனசுல ஒண்ணும் கிடையாது. பேசிட்டுத்தான் யோசிப்பார். ஆனா மக்களோட கஷ்டம்னு ஒண்ணு இருக்கில்ல ஐயா, வயசானவங்க ஏழு மணிக்கு எப்படி வருவாங்க?" ஆராதனை ஒன்பது மணிக்கே இருந்துவிட்டது. அடுத்த தேர்தலில் சகலை செயலாளர் ஆனார். ஆயர் எனக்குக் கை கொடுப்பதை நிறுத்தினார். இந்த மாதிரி எத்தனை முறை நடந்தது என்று கேட்காதீர்கள். என் வாயில் மருந்தைக் கெட்டித்துத் திரியைக் கொளுத்தியது அவர். புகை அடங்கியதும் வெள்ளைக் கொடியோடு வந்து நின்றதும் அவர்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெடிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

கோபம் வந்தது மகளுக்கு வரன் வந்தபோது.

பையன் இங்கே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. என் மகளும் அவனும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொன்னார்கள். பெரியவர்கள் கலந்து பேசுவது ஒன்றுதான் பாக்கி. பையனின் அப்பா அம்மா வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என்னங்க, நாளைக்கு நீங்க வாயத் தொறக்க வேணாம்."

"கொட்டாவி விடலாமா?"

"விளையாடாதீங்க. அத்தான் பேசறேன்னுட்டார். நீங்க எதாவது சொல்லி, அவங்க எழுந்து போயிட்டா இவ நம்மள மன்னிக்கவே மாட்டா."

"இது உன் யோசனையா, அத்தானோட யோசனையா?"

அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். அத்தானுடையதுதான், அதாவது சகலையுடையது. அதோடு நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் சார்பில் பேசுவதும், கல்யாண வரவேற்பில் பேசுவதும்கூட அத்தான்தான் என்று முடிவாகியிருந்தது. பெண்ணின் தகப்பன் நான். எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த வேலை சிரிப்பது.

நான் ஒப்புக்கொண்டேன். மகள் மீது சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துதான் ஒப்புக்கொண்டேன். என் வாயைப் பற்றி என் மனைவிக்கு இருந்த பயத்தைவிட எனக்கு அதிகம் இருந்தது.

ஞாயிறு வந்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கு வேலை கொடுப்பதற்காக அச்சு முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டே இருந்தேன். பையனின் அப்பா என்னைப் பார்த்து, "நீங்க எந்தக் காலேஜ்ல இருக்கீங்க?" என்றார். சகலை பதில் சொன்னார். "ரிட்டயர்மெண்டுக்கு எத்தன வருஷம் இருக்கு?" சகலை சொன்னார். "காபிக்குச் சீனி போதுமா?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள். அதற்கும் சகலை, "போதும்மா, அவர் கம்மியாத்தான் குடிப்பார்" என்றார். நான் மூன்று கரண்டி போடுகிறவன்.

அதுவரைகூடத் தாங்கினேன். பிறகு பையனின் அம்மா என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். சகலை சாய்ந்து உட்கார்ந்தார். "எம்.எஸ்ஸி. படிக்க வெச்சது என் யோசனைதான். இவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. உண்மையச் சொன்னா, இவள நான்தான் வளர்த்தேன்னு வெச்சுக்கங்களேன்."

முறுக்கு என் வாயில் பாதியில் நின்றது. என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவன் நான். ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான். அவளுக்கு முதல் கணக்கு டெஸ்டில் மூன்று மார்க் வந்ததற்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, வீட்டில் சொல்லாதே என்றவனும் நான்தான். இந்த மனிதர் அப்போதெல்லாம் பிரேசர் டவுனில் தன் வீட்டுச் சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, ஒரு வார்த்த பேசலியே. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அவங்க உன்கிட்ட பேசணும்னுதாம்பா வந்தாங்க."

அன்று மாலை குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து நான் சபதம் எடுத்தேன். பற்பசை நுரையோடு எடுத்த சபதம் என்பதால் கொஞ்சம் கம்பீரம் குறைவு. ஆனாலும் சபதம்தான். இந்த மனிதரைப் பழிவாங்காமல் விடப்போவதில்லை.

பழிவாங்குவது கோபக்காரர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். பொறுமைக்காரர்களின் வேலை. எனக்கோ ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டால் வயிறு வலிக்கும். முதலில் அவருடைய ஃபோன் நம்பரை வாடகை வீடு தேடுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் போடலாமா என்று யோசித்தேன். சின்னத்தனம். அவர் வீட்டு வாசலில் கோழிக்குஞ்சுகளை விடலாமா என்று யோசித்தேன். குஞ்சுகள் என்ன பாவம் செய்தன? சபையில் எழுந்து அவரைத் திட்டலாம். அதைத்தான் அவர் இத்தனை காலம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். "சகலைக்கு மனசுல ஒண்ணும் கிடையாது" என்று இன்னொரு முறை கை கூப்புவார்.

வழி கிடைத்தது ஒரு புதன்கிழமை, அத்தை வீட்டு ஜெபக் கூட்டத்தில்.

எங்கள் குடும்பங்களில் ஜெபம் என்பது ஆண்டவரிடம் பேசுவது மட்டும் இல்லை. ஆண்டவர் வழியாக அடுத்த நாற்காலியில் இருப்பவரிடமும் பேசுவது. எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். குறுக்கே பேச முடியாது, எழுந்து போக முடியாது. என் அத்தை அன்று உருகி உருகி ஜெபித்தார். "ஆண்டவரே, சிலர் போன வருஷத்துக் கேக்கையே இந்த வருஷமும் கொடுத்து அனுப்புறாங்க, அவங்க இருதயத்தத் தொடும்" என்றார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கேக் அனுப்பிய அம்மாவும் என்றார். வேறென்ன செய்வார்? மறுத்தால் கேக்கை ஒப்புக்கொண்ட மாதிரி. மறுக்காவிட்டாலும் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே சிரித்தேன். பரிசுத்த ஆவி இறங்கியதாகப் பக்கத்தில் இருந்தவர் நினைத்தார்.

சகலையின் உயிர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பிரேசர் டவுன் வீட்டின் மாடியில் இருக்கிறது. மூன்று அறைகள், பூட்டியே கிடக்கும். ஊரிலிருந்து யாராவது தங்க வரட்டுமா என்று கேட்டால், "மாடியில மோட்டார் ரிப்பேர், தண்ணி ஏறல" என்பார். ஒன்பது வருடமாக அந்த மோட்டார் ரிப்பேர். கீழே சோபாவில் பிளாஸ்டிக் உறை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும், எழுந்தால் துணியால் துடைப்பார். நீங்கள் இன்னும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். கல்யாணத்துக்குப் பையன் வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வாரம் முன்பே வருகிறார்கள், எங்கே தங்க வைப்பது என்று என் மனைவி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசப்போவதை எழுதினேன். நான்கு முறை எழுதினேன். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது என்கிற ஒரு பிரச்சினை இருந்தது. சகலை வாக்குக் கொடுத்தார் என்று சொன்னால் பொய். சகலையின் மனதில் ஆண்டவர் ஒரு எண்ணத்தை வைத்திருக்கிறார் என்று சொன்னால்? வைக்கவில்லை என்று சகலை எப்படி நிரூபிப்பார்? மூன்றாவது படியில் இந்தத் திருத்தத்தைச் செய்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். மதிய வேளைகளில் நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால், தாவரவியல் பகுதியில் நின்று ஒத்திகை பார்த்தேன். யாரும் அங்கே வருவதில்லை. வந்த ஒரு மாணவி, "சார், ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். "ஆமென்" என்றேன்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு ஆயரைப் போய்ப் பார்த்தேன். மட்டன் விஷயத்துக்குப் பிறகு அவர் என்னை உட்காரச் சொல்வதில்லை.

"ஐயா, முடிவு ஜெபம் நான் பண்ணட்டுமா? பொண்ணோட அப்பா."

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெபம்தானே?"

"ஜெபம்தான் ஐயா."

"சின்னதா?"

"சின்னதா."

தகப்பன் ஜெபிக்க ஆசைப்படுகிறேன் என்றால் எந்த ஆயர் வேண்டாம் என்பார்?

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. சகலை பெண் வீட்டார் சார்பில் இருபது நிமிடம் பேசினார். என் பெயரை ஒரு தடவை சொன்னார், சாப்பாட்டு ஏற்பாட்டுக்காக நன்றி சொல்லும் இடத்தில். மோதிரம் மாற்றியானது. "முடிவு ஜெபத்தை மணமகளின் தகப்பனார் ஏறெடுப்பார்" என்று ஆயர் சொன்னதும், என் மனைவியின் விரல்கள் என் முழங்கையைக் கிள்ளின. தோல் உரிந்தது. நான் எழுந்தேன்.

"எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். பையனின் குடும்பத்துக்காக ஜெபித்தேன். பிறகு நிறுத்தி, மூச்சு விட்டேன்.

"ஆண்டவரே, என் சகலைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன். என் மகளைத் தன் மகளாக வளர்த்தவர் அவர். கல்யாணத்துக்கு வருகிற பன்னிரண்டு பேரையும் ஒரு வாரம் முழுக்கத் தன் வீட்டில் வைத்து உபசரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் இருதயத்தில் வைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற அவருடைய தாழ்மைக்காக ஸ்தோத்திரம். மாடி மோட்டாரை நீரே சரி செய்யும். ஆமென்."

"ஆமென்" என்று கூட்டம் சொன்னது. பாளையங்கோட்டைக்காரர்கள் கூரை அதிரச் சொன்னார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும் தாமதமாக, தொண்டையில் மீன் முள் சிக்கியவர் குரல் போல வந்தது. என் செவிகளுக்கு அது கீர்த்தனையாக இருந்தது.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. பையனின் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பேச்சு வந்துட்டுல்லா அண்ணே! ஆண்டவரு கேட்டுட்டாரு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முதல்முறை வந்தபோது நான் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து எனக்குப் பேச்சு வராது என்றே முடிவு கட்டிவிட்டார்களாம். குடும்பத்தில் மறைக்கிறார்கள், பாவம், நாமும் கேட்க வேண்டாம், பையனிடமும் பேச்செடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சபையில் எனக்காக விசேஷ ஜெபம் வைத்திருக்கிறார்கள். ஐந்து வாரம். இப்போது வாய் பேசாதவன் பேசிய முதல் வார்த்தையிலேயே அவர்களுக்கு வீடும் கிடைத்துவிட்டது. அற்புதத்தை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? சகலை அந்த அம்மாவிடம் வந்து, "மோட்டார் வந்து..." என்று ஆரம்பித்தார். "ஆண்டவரு சரி பண்ணுவாருண்ணே" என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

சகலை என்னைத் தள்ளிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

"சகலை, நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லலியா? மனசுல பட்டுச்சு, சகலை. வந்துடுச்சு."

"வேணும்னே பண்ணுனீங்க."

அங்கே ஐஸ்கிரீம் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள். "என்ன அத்தான், இவருக்கு யோசிச்செல்லாம் பேசத் தெரியுமா? நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க!"

இருபத்தாறு வருடங்களாக அவர் எனக்கு அடித்துக் கொடுத்த முத்திரை அன்று என்னைக் காப்பாற்றியது. குறி பார்க்கவே தெரியாதவன் எப்படிக் குறிவைத்திருப்பான்? அவர் ஊர் முழுக்கப் போய் முறையிட்டாலும் ஒருவர்கூட நம்பமாட்டார். அன்று எனக்கு மூன்று கப் பாயாசம் இறங்கியது.

மகிழ்ச்சி சரியாக இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது ஒரு கேள்வி தோன்றியது. பன்னிரண்டு பேருக்கு ஒரு வாரம் சமைப்பது யார்? சகலைக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. சமைக்கப் போவது என் மனைவியின் அக்கா. முழங்கால் வலியோடு மாடி ஏறி இறங்கப் போவதும் அவர்தான். இத்தனை காலத்தில் எனக்கு ஒரு கெடுதல்கூட நினைக்காத மனுஷி. யோசிக்காமல் பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன், நான்கு படி எழுதிப் பார்த்தும் யோசிக்காமல்தான் பேசியிருக்கிறேன். தாடையில் பிளேடு இறங்கியது.

விருந்தாளிகள் வந்து இறங்கிய அன்று காலை எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா, கையில் பெட்டி.

"தம்பி, அந்த ஜெபத்த எத்தன தடவ எழுதிப் பார்த்தீங்க?"

"அக்கா..."

"உங்களுக்குப் பேசும்போது மூச்சு விடத் தெரியாது. அன்னைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசுனீங்க. அப்பவே எனக்குத் தெரியும்."

"நாலு தடவ."

"நாலு தடவையில ஒரு தடவகூட அடுப்படியில யாரு நிப்பான்னு தோணலியா?"

நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. பாளையங்கோட்டைக்காரர்கள் பார்த்திருந்தால் மறுபடியும் ஜெபம் வைத்திருப்பார்கள்.

"மன்னிச்சுடுங்க அக்கா."

"அத அப்புறம் பாக்கலாம். பெட்டிய உள்ள வைங்க. தங்கச்சிக்கு ஒத்தாசையா கல்யாணம் வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். ஆமென் சொன்னது அவரு, அவரே பாத்துக்கட்டும். நான் ஆமென் சொல்லல. கண்ணத் தொறந்து உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்த வாரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பையனின் பெரியம்மா பிரேசர் டவுன் சமையலறையைக் கைப்பற்றினார். ஊரிலிருந்து மூட்டையில் கருவாடு வந்திருந்தது. அதிகாலை ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபம், கஞ்சிரா சகிதம். சோபா முதுகில் ஒட்டுகிறது என்று இரண்டாம் நாளே உறையைக் கிழித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். சகலை அக்காவுக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். "கருவாடு வறுக்கிறாங்க. வா." அக்கா கட்டை விரல் படத்தை அனுப்பினார். "திரைச்சீலையில கை தொடைக்கிறாங்க." இன்னொரு கட்டை விரல். நாங்கள் மூவரும் காபி குடித்தபடி அதைப் படித்துச் சிரிப்போம். என் காபியில் அக்கா நான்கு கரண்டி சீனி போட்டார்.

இவ்வளவும் போதாதா என்று கேட்டால், போதவில்லை. கல்யாண அழைப்போடு அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் வரவேற்புப் பேச்சுக்கு எதிரே இன்னும் அவர் பெயர்தான் இருந்தது. வீட்டை எடுத்துக்கொண்டேன், மேடை அவரிடமே இருந்தது.

வரவேற்பு அன்று சகலை கோட் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். கையில் மடித்த காகிதம். நிகழ்ச்சியை நடத்திய இளைஞன், "பெண் வீட்டார் சார்பில் பேச..." என்று ஆரம்பித்தான். சகலை முதல் படியில் கால் வைத்தார். அப்போது முன் வரிசையிலிருந்து சம்பந்தியம்மா எழுந்தார்.

"பொண்ணோட அப்பா பேசட்டும்! பேச்சு வந்தவரு பேசட்டும்!"

பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். கூடமும் சேர்ந்துகொண்டது. என் மனைவியின் கை என் கோட்டைப் பிடித்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் மேடையில் இருந்த மகளைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

மைக்கை வாங்கினேன். என்னிடம் காகிதம் இல்லை, ஒத்திகை இல்லை. சகலை படியருகிலேயே நின்றார், முகத்தில் பழைய சிரிப்பு. நான் ஏதாவது உளறுவேன், உடனே ஏறி வந்து கை கூப்பலாம் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். "இவள வளர்த்தது நானும் என் பொண்டாட்டியும். வேற யாரும் இல்ல."

கூடம் அடங்கியது. நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது.

"எம்.எஸ்ஸி. படிச்சது அவ இஷ்டம். அவ பெரியப்பா பி.காம். சேரச் சொன்னார். காமாலை வந்தப்ப பதினோரு நாள் நான்தான் பெஞ்சுல படுத்தேன். எனக்குக் காபில மூணு கரண்டி சீனி வேணும். அவ்வளவுதான். மாப்பிள்ளை, இவளும் என்ன மாதிரிதான் பேசுவா. பேசட்டும், விட்டுடுங்க."

யாரோ ஒருவர் சீனிக்குச் சிரித்தார், பிறகு பத்துப் பேர், பிறகு கூடம். சகலை மட்டும் சிரிக்கவில்லை. கை கூப்ப மேலே ஏறவும் இல்லை. அவர் மடித்த காகிதத்தை இன்னும் சிறியதாக மடித்துக்கொண்டிருந்தார். மகள் தலையைக் குனிந்திருந்தாள், தோள்கள் குலுங்கின, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழேயிருந்து பார்த்த அவள் அம்மாவுக்கே தெரியவில்லையாம். நான் இறங்கியபோது அவள் என் கோட்டுப் பையைப் பிடித்து இழுத்து, "தேங்க்ஸ் பா" என்றாள்.

பிரியாணி வரிசையில் சகலை என் பின்னால் வந்து நின்றார். தட்டை எடுத்துத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"யோசிக்காமப் பேசிட்டீங்க, சகலை."

"இல்ல சகலை. இது இருபத்தாறு வருஷமா யோசிச்சது."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, ராத்திரிக்கு மாடியில இன்னும் ரெண்டு பேருக்குப் பாய் போடணும், சீக்கிரம் சாப்பிட்டு வாங்க" என்று கத்தினார். சகலை தட்டை வைத்துவிட்டுப் போனார். நான் அவருடைய பங்கையும் சேர்த்து இரண்டு துண்டு கறி வாங்கிக்கொண்டேன்.